பில்டர் நீட்டும் பட்டியலில் ‘இதர கட்டணம்’: கட்டித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட்டுக்கு விலை பேசி, 10 சதவீதம் முன்பணம் கட்டினோம். ஒப்பந்தம் போட அழைத்தபோது கொடுத்த பட்டியலில், பேசிய விலைக்கு மேல் உள்கட்டமைப்புக் கட்டணம், ஆவணச் செலவு, திறந்தவெளி கார் பார்க்கிங், கார்பஸ் ஃபண்ட் (வருங்காலப் பராமரிப்புக்கான பொது நிதி), இதர கட்டணம் என்று புதிதாக ஐந்து வரிகள். கேட்டால், “எல்லாரும் கட்டுறாங்க சார்” என்கிறார்கள். மறுத்தால் முன்பணம் போய்விடுமா?

பதில்: நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. கையெழுத்துப் போட்டபின் அந்த ஐந்து வரிகளும் நீங்கள் ஒப்புக்கொண்ட தொகையாகிவிடும். அப்புறம் வாதாடுவது கடினம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன் 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. நீங்கள் அந்த வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். “பார்க்கிங்குக்கு மட்டும் இப்பவே கட்டிடுங்க” என்று கேட்டால், இந்தப் பிரிவைச் சொல்லி மறுக்கலாம்.

இனி பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, மின் இணைப்பு டெபாசிட் எல்லாம் அரசுக்கோ வாரியத்துக்கோ போகிறவை. இவற்றில் பேரமில்லை, ஆனால் ரசீது உண்டு. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், சட்டம் வரையறுத்த மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்தபின் விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

கார்பஸ் ஃபண்ட் குடியிருப்போர் சங்கத்துக்குச் சேர வேண்டிய பணம். தொகையைக் குறைப்பதைவிட, அது தனி வங்கிக் கணக்கில் இருக்குமா, வட்டி யாருக்கு, சங்கத்திடம் எப்போது ஒப்படைப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது முக்கியம். சங்கமும் பில்டரும் வருடக்கணக்கில் சண்டை போடுவது பெரும்பாலும் இந்தப் பணத்துக்காகத்தான்.

திறந்தவெளி பார்க்கிங் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். அதே சட்டம் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதி என்கிறது. எல்லோருக்கும் சொந்தமான இடத்தை உங்களுக்குத் தனியாக விற்க முடியாது. மூடிய கராஜ் என்றால் கதை வேறு.

மீதி மூன்றும் பில்டரின் வருமானமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ‘ஆவணச் செலவு’ என்பது பத்திரம் தயாரிக்கும் வழக்கறிஞர் கட்டணம் என்பார்கள்; பத்திர வரைவை நம் வழக்கறிஞரே தயாரிக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள், தொகை தானாகவே இறங்கலாம். ‘உள்கட்டமைப்புக் கட்டணம்’ என்றால், திட்ட அனுமதிக்காக அரசுக்குக் கட்டிய தொகையா, அதன் ரசீது எங்கே, உங்கள் பங்கை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். உள்சாலையும் வடிகாலும் போட்ட செலவுதான் என்றால், சதுர அடி விலையில் அது ஏற்கெனவே அடங்கியிருக்க வேண்டுமே! ‘இதர கட்டணம்’ என்ற வரிக்கு நான் சட்ட விளக்கம் தேட மாட்டேன். பெயர் சொல்லட்டும், இல்லையென்றால் நீக்கட்டும்.

இதையெல்லாம் விற்பனைப் பிரதிநிதியிடம் வாயால் பேசிப் பயனில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “முன்பதிவின்போது இந்த ஐந்து கட்டணங்களும் எங்களிடம் சொல்லப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடிப்படை, கணக்கிட்ட முறை, ரசீது ஆகியவற்றைத் தெரிவிக்கவும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) தாக்கல் செய்த மாதிரி ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்பவும்.” திட்டத்தைப் பதிவு செய்யும்போது மாதிரி ஒப்பந்தத்தை ரெராவில் தாக்கல் செய்வது கட்டாயம். அதில் இல்லாத கட்டணம் உங்கள் பட்டியலில் மட்டும் இருந்தால், பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

முன்பணத்துக்கு வருவோம். முன்பதிவுப் படிவத்தில் ரத்துக்கான பிடித்தம் எவ்வளவு என்று பாருங்கள். விலையை மாற்றியது பில்டர்தான் என்பதற்கு உங்கள் மின்னஞ்சல் சாட்சியாகும். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று அச்சடித்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர், 12-வது பிரிவுப்படி விலகிக்கொண்டு முழுத் தொகையையும் வட்டியோடு கேட்கலாம். அந்த ஆதாரம் இல்லாதவர் முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பேசித்தான் வாங்க வேண்டும்.

பில்டர் அசையவில்லை என்றால் 31-வது பிரிவின் கீழ் ரெராவில் புகார் தரலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.