மீட்டரில் 1.3 வந்தால் ஆன்டெனா சரி என்று அர்த்தமா?

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் வயர்லெஸ் செட் வைத்திருக்கிறேன். மொட்டைமாடி ஆன்டெனா வரை 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். செட் பக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; எதுவும் திரும்பாவிட்டால் 1) 1.3தான். ஆனாலும் தூரத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டவே மாட்டேன் என்கிறது. ஆன்டெனாவில் கோளாறு இருக்குமா?

பதில்: தாராளமாக இருக்கலாம். கீழே உட்கார்ந்து அளக்கும்போது கேபிளின் இழப்பு அந்தக் கோளாறை மறைத்துவிடும்.

இந்த அலைவரிசையில் 30 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 6 டெசிபல், அதாவது சக்தியில் முக்கால் பங்கை, விழுங்கும். 50 வாட் புறப்பட்டால் மாடிக்குப் போய்ச் சேருவது 12.5 வாட்தான். ஆன்டெனாவின் உண்மையான எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததில் கால் பங்கு, அதாவது 3.1 வாட், திரும்பும். அதுவும் அதே கேபிளில்தானே இறங்க வேண்டும்? இன்னொரு 6 டெசிபல் போய், மீட்டருக்கு வந்து சேருவது 0.8 வாட். 50 போய் 0.8 திரும்பினால் மீட்டர் 1.3 என்றுதான் காட்டும்!

கேபிளை மட்டும் சோதிக்க, மாடியில் ஆன்டெனாவைக் கழற்றி அந்த முனையைத் திறந்தபடி விடுங்கள். கீழே நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவியைக் காலிபரேட் செய்து அளங்கள். செட்டின் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்த வேண்டாம். இழப்பே இல்லாத கேபிளாக இருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். எல்லையில்லாமல் ஏறும். உங்கள் கேபிளில் 1.7 அளவில் நிற்கும், அதுவும் ஆன்டெனாவே இல்லாமல். ரிட்டர்ன் லாஸ் (போன அலையைவிடத் திரும்பிய அலை எத்தனை டெசிபல் குறைவு என்பது) அளவில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு: 12 வந்தால் 6. அதைவிட நன்றாகக் கூடினால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது கனெக்டர் கெட்டிருக்கலாம்.

ஆன்டெனாவை அதன் அடியிலேயே, ஒரு மீட்டருக்குள் அடங்கும் கேபிள் துண்டு வைத்து அளங்கள். அந்த எண்ணைத்தான் நம்பலாம்.

முதலில் எதை மாற்றுவது? சந்தேகமில்லாமல் கேபிளை. மேலே போட்ட கணக்குப்படி இப்போது காற்றில் போவது 9 வாட் சொச்சம். ஆன்டெனாவை மட்டும் சரிசெய்தால் 12.5 ஆகும். ஆன்டெனாவைத் தொடாமல் இழப்பு குறைந்த ஆர்ஜி-213 கேபிள் போட்டால் கிட்டத்தட்ட 20. இரண்டும் செய்தால் 26. கேட்கும் திறனும் கூடவே உயரும். செட் பக்கத்தில் ட்யூனர் (செட்டுக்குத் தெரியும் எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைக்கும் பெட்டி) வைப்பதால் கேபிளின் இழப்பு குறையாது.

நல்ல கேபிள் போட்ட அன்று மீட்டர் 1.3லிருந்து 1.7க்கு ஏறும். பயப்பட வேண்டாம், இதுவரை வழியிலேயே கரைந்த அலை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். மழைக்காலத்துக்குப் பிறகு எண் தானாக இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்: தண்ணீர் புகுந்து கேபிளின் இழப்பு கூடியிருக்கலாம். பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப்பை (தன்மேல் தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்) கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் போடுங்கள்.