குடியாத்தம் சகோதரிக்கு: பயிற்சி எங்கே கிடைக்கும்

வணக்கம் சகோதரி. மகளிர் குழுவுக்கு வீட்டில் அடிபட்டு வரும் பெண்களிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, பயிற்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். சட்ட உதவி பெற மக்களுக்கு வழிகாட்டும் ‘சட்டம் சார் தன்னார்வலர்களுக்கு’ அவர்களே பயிற்சி தருகிறார்கள், வக்கீல் படிப்பெல்லாம் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பதும் அங்கேதான்.

அப்புறம் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 17, 19ஆம் பிரிவுகளை நிதானமாகப் படியுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழும் பெண்ணை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது என்பது என்னிடம் வந்த பலருக்குத் தெரியவே இல்லை. இந்தச் சட்டப்படி புகாரைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தையும் ஒருமுறை பென்சிலில் நிரப்பிப் பாருங்கள், தேதி, இடம், காயம் என்று எதையெல்லாம் கேட்கிறார்கள் என்பது கைக்குப் பழகும்.

ஆனால் சட்டத்தைவிடக் கஷ்டம், கேட்கப் பழகுவது. என்னிடம் முதலில் வந்த பெண்ணிடம் “இத்தனை நாள் ஏம்மா பொறுத்தே?” என்று கேட்டுவிட்டேன், முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேடு இதைத்தான் படிப்படியாகச் சொல்லித்தருகிறது: குறுக்கிடாமல் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, நம்புகிறேன் என்று சொல்வது, பாதுகாப்பை யோசிப்பது, துணை சேர்ப்பது. அது மருத்துவப் பணியாளர்களுக்கு எழுதியது, நமக்கும் அப்படியே பொருந்தும்.

பெண்கள் உதவி எண் 181ஐ, வரும் பெண்கள் தங்கள் போனில் பெயர் போட்டுச் சேமிக்க வேண்டாம், கணவர் பார்ப்பார். மனப்பாடமாகச் சொல்ல வைத்து அனுப்புங்கள்.