கேபிள் எந்த வழியாக வர வேண்டும் என்று ஊர்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறேன். ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை கேபிள் வந்துவிட்டது. கீழே உள்ள இருளர், குறும்பர் குடியிருப்புகளுக்கு வரவில்லை, நடுவில் காடு. கிராம சபையில் தீர்மானம் போட்டால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் "இணைய வசதி வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானம் கோப்போடு கோப்பாகக் கிடந்துவிடும்.

ஊர்களுக்குக் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் ஊராட்சியை ஒரு புள்ளியாகத்தான் எடுத்துக்கொண்டது. நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் 35 கிராம ஊராட்சிகள்தான். ஒவ்வொன்றிலும் எத்தனையோ ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), பழங்குடிக் குடியிருப்புகள். அலுவலகத்தில் இணையப் பெட்டி மாட்டியதும் காகிதத்தில் எல்லாருக்கும் இணைப்பு வந்துவிடுகிறது. ஆகவே விடுபட்ட குடியிருப்புகளைப் பெயர் சொல்லி, வீட்டு எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

அடுத்தது காடு. "வனத்துறை விடாது" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு நிர்வகிக்கும் வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடையோடு தொலைத்தொடர்புக் கம்பிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பிடி இதுதான். தனியார் கேபிள்காரருக்கு இந்த வழி பொருந்தாது. தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்பே அந்தக் குடியிருப்புப் பெரியவர்களோடு கேபிள் போக வேண்டிய பாதையை நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தச் சரிவு இறங்கும், யானை எங்கே கடக்கும், எந்த இடத்தில் சாமி இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் போட்ட பாதையை அவர்கள் பெயரால் பரிந்துரைப்பது அநியாயம். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், தேயிலை பறிப்பு முடிந்த பிறகு. ரேஷன் கடையில் கைரேகைக் கருவிக்கு சிக்னல் கிடைக்காமல் யார் எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இணையப் பெட்டி இருக்கும் கட்டடத்துக்கு பேட்டரி வசதியும், பழுது பார்க்க உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சியும் தீர்மானத்திலேயே கேளுங்கள். கரண்ட் போனால் இணையமும் போகும்.

அக்டோபர் 2 கிராம சபை உகந்தது. அடுத்த ஆண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு அங்கேதான் தொடங்கும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து, கையொப்பமிட்ட நகல் வாங்குங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர், ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், டான்ஃபிநெட் நான்கு இடத்துக்கும் வரைபடத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.