கோப்பர்நிக்கஸுக்கு முன்னாடி ஐரோப்பாவுல சொல்லிக்கற மாதிரி வானியலாளர் யாராவது இருந்தாங்களா?

ஏன் இல்லாம, எனக்கு ரொம்பப் பிடிச்சவர் கியோர்க் பாய்யர்பாக். 1423ல ஆஸ்திரியாவுல பொறந்தவர், சொந்த ஊர் பேரே பேராயிடுச்சு. வியன்னா யுனிவர்சிட்டி வாத்தியார்தான், ஆனா கூத்தப் பாருங்க, அங்க அவர் பெரும்பாலும் பாடம் எடுத்தது வர்ஜில், ஜுவெனல்னு லத்தீன் கவிதை! வருமானத்துக்கு அரண்மனை ஜோசியம் வேற, முதல்ல ஹங்கேரி ராஜா லாடிஸ்லாஸுக்கு, அப்புறம் பேரரசர் மூணாம் ஃப்ரெட்ரிக்குக்கு. இதுக்காக அவரக் கிண்டல் பண்ணாதீங்க, அந்தக் காலத்துல கிரகக் கணக்கு தெரிஞ்சவனுக்குச் சோறு போட்டதே ஜாதகம்தான்.

1454ல வியன்னாவுல ஒரு ஸ்கூல்ல கிரகங்களப் பத்தி லெக்சர் குடுத்தாரு. அதுவே பின்னாடி புத்தகமாச்சு, அவரோட ஸ்டூடண்ட் ரெகியோமொண்டானஸ் நியூரம்பர்க்ல சொந்தமா பிரஸ் போட்டு அச்சடிச்சாரு. தலைப்புல 'புதிய'ன்னு இருக்கும், உள்ள என்னமோ பழங்கால கிரேக்க வானியலாளர் தாலமி சொன்ன அதே கதைதான், பூமி நடுவுல, மத்ததெல்லாம் அதச் சுத்தி. ஆனா ஒவ்வொரு கிரகத்துக்கும் தடிமனான ஒரு கோளக் கூடு, அந்தத் தடிமனுக்குள்ளயே சின்ன வட்டம் சுத்துதுன்னு படத்தோட விளக்கினதால பசங்களுக்குப் புரிஞ்சுது, நூறு வருஷத்துக்கு மேல பாடப்புத்தகமா ஓடுச்சு.

வெறும் பாடம் சொல்லிட்டுப் போற ஆளும் இல்ல. 1457ல குருவும் சிஷ்யனும் சேர்ந்து சந்திர கிரகணம் பாத்தாங்க, கிரகணம், கிரக நிலையெல்லாம் கணக்குப் போட எல்லாரும் நம்பிட்டிருந்த அல்ஃபோன்சோ அட்டவணை சொன்ன நேரத்துக்கும் வானத்துல நடந்ததுக்கும் 8 நிமிஷம் வித்தியாசம். கையில பெரிய கருவி எதுவும் இல்லாத காலத்துல இதக் கண்டுபிடிச்சதுதான் எனக்கு அவர்கிட்ட பெரிய விஷயமா தெரியுது, புத்தகத்த விடவும்.

1460ல பெஸ்ஸாரியோன்னு ஒரு கார்டினல், அதாவது கத்தோலிக்கச் சபையோட பெரிய தலைவர்கள்ல ஒருத்தர், வியன்னா வந்தாரு, பூர்வீகம் கிரேக்கம். தாலமியோட பெரிய வானியல் நூலான அல்மஜெஸ்ட்ட சுருக்கி தெளிவா எழுதிக் குடுங்கன்னு பாய்யர்பாக்கிட்ட கேட்டாரு. மொத்தம் 13 பாகம், பாய்யர்பாக் 6 முடிச்சிருந்தாரு, 1461 ஏப்ரல்ல இறந்துட்டாரு, வயசு 37. மிச்சத்த நீதான் முடிக்கணும்னு சிஷ்யன்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனாராம். அவரும் முடிச்சாரு, ஆனா அச்சுல பாக்கக் குடுத்து வெக்கல, 1476லயே ரோம்ல இறந்துட்டாரு. வெனிஸ்ல அது அச்சானது 1496ல, கோப்பர்நிக்கஸ் இத்தாலிக்குப் படிக்கப் போனதும் அதே வருஷம்தான். தாலமிய அவர் அலசி ஆராய்ஞ்சதெல்லாம் பெரும்பாலும் இந்தப் புத்தகத்த வெச்சுதான்.