வைட்டமின் டி ஏறிவிட்டது, முடி முளைக்கவில்லையே?

கேள்வி: தலையில் இரண்டு இடங்களில் புழுவெட்டு. வைட்டமின் டி 11 இருந்தது. மாத்திரை சாப்பிட்டதும் 46 ஆகிவிட்டது. முடி வரவில்லை, வெளியே போகவே மனமில்லை. டோஸைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இதற்கு மேல் ஏற்றினால் முடி வராது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம்தான் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் அதன் அறிகுறிகள். சிறுநீரகமும் கெடும்.

அந்த 46 சரியான கணக்குதானா என்றும் பாருங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, வைட்டமின் டி அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். எடுக்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி பரிசோதனை. 1,25-டைஹைட்ராக்ஸி என்று எழுதியிருந்தால் அது வேறு பரிசோதனை. குறைபாடு இருக்கும்போதே அது சரியாக இருப்பதுபோலக் காட்டும்.

புழுவெட்டு, வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ள பலருக்கு இந்த வைட்டமின் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் குறைவதால்தான் நோய் வருகிறது என்று உறுதியாகவில்லை. உங்கள் மயிர்க்கால்களைத் தாக்குவது உங்கள் எதிர்ப்பு அணுக்கள். அதற்குச் சிகிச்சை தனி: சிறு திட்டுகளுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி, தலை பெரும்பாலும் கொட்டிவிட்டால் எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலை அடக்கும் பாரிசிடினிப் போன்ற மாத்திரைகள்.

எனக்குப் பெரிதாகப் படுவது, வெளியே போகவே மனமில்லை என்று நீங்கள் எழுதியதுதான். தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டிஎல்கியூஐ (DLQI) படிவத்தை மருத்துவரிடம் கேளுங்கள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 30. பத்தைத் தாண்டினால் நோய் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று பொருள். அரிப்பு, வலி பற்றியும் அதில் கேட்பதால் முடி கொட்டியவர்களுக்கு எண் குறைவாகவே வரும். ஆகவே வீட்டிலேயே அடைந்து கிடப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டு சிறியதாக இருந்தாலும், சிகிச்சையை எவ்வளவு தீவிரமாகத் தொடங்குவது என்று முடிவெடுக்க அது முக்கியம்.

கேள்வி: தோலில் லூபஸ் (எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோய்). வைட்டமின் டிக்காக வெயிலில் நிற்கலாமா?

பதில்: கூடாது. வைட்டமினை உண்டாக்கும் அதே புற ஊதா பி கதிர்தான் உங்கள் தோலையும் தூண்டிவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவதும் பயனில்லை: கண்ணாடி பி கதிரைத் தடுத்துவிடும், ஏ கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும், அதுவும் தோலைத் தூண்டும். வைட்டமின் கிடைக்காது, தடிப்பு மட்டும் வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையாக, கொழுப்புள்ள உணவோடு சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் அளவு இன்னும் நிலைப்பட்டிருக்காது.