தகவல் உரிமை மனு என்றாலே ஊராட்சித் தலைவர் ஏன் கொதிக்கிறார்?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சாலைப் பணி பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டதற்கே தலைவர் பகையாளியைப் போலப் பார்க்கிறார். உள்ளூர் அரசியல்வாதிகள் ஏன் இப்படி? தகவல் வாங்க வழி உண்டா?

பதில்: யாரோ ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எதுக்குத் தம்பி எழுத்துல கேட்டுக்கிட்டு, நேர்ல வந்தா சொல்ல மாட்டோமா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். பெரும்பாலான ஊர்களில் முதல் பதில் தபாலில் வருவதில்லை, இப்படித்தான் வரும். மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்று தலைவர் பார்க்குமுன், யார் தூண்டிவிட்டார்கள் என்று விசாரிப்பார். காரணம் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. ஊருக்குள் அந்தப் பிரிவுக்கு மதிப்பில்லை. தேர்தலில் எதிர்த்து நின்றவரின் ஆள் நீங்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எல்லாத் தலைவர்களும் அப்படியில்லை. வரவு செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். மனுவைக் காட்டி ஒப்பந்ததாரரிடம் பணம் பறிப்பவர்கள் இருப்பதும் உண்மை. அவர்களால் நேர்மையாகக் கேட்பவர்களுக்கும் கெட்ட பெயர். ஆனால் தாள் வெளியே வராமல் இருப்பதுதான் மிரட்டுபவருக்கு வசதி. இணையத்தில் ஏற்றிவிட்டால் அவர் எதைக் காட்டி மிரட்டுவார்? 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(ஆ) பிரிவு 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தலைவர் கோபப்படுவதற்குக் குணம் மட்டும் காரணமில்லை, சட்டத்தின் அமைப்பும் காரணம். தகவல் தராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்கிறது 20-ஆம் பிரிவு. அந்த அபராதம், மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருடைய சொந்தக் காசு. "குடுக்காதே" என்று வாய்மொழியாகச் சொன்ன அரசியல்வாதியின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. தடுப்பவருக்குச் செலவே இல்லை. அதனால் உங்கள் மனு தலைவரைத் திருத்தப் பார்க்க வேண்டாம். தலைவரின் முகத்தைவிடத் தகவல் ஆணையத்தின் ஆணைக்கு அந்த அலுவலர் அதிகம் பயப்படும்படி எழுதப்பட்டிருந்தால் போதும்.

பெரும்பாலான மனுக்கள் எழுதும்போதே தோற்றுவிடுகின்றன. "சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது?" என்று கேட்டால், "கேள்வி வடிவில் உள்ளது, தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத் தந்தால் போதும், புதிதாக விளக்கம் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் சொன்னது. அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பணியின் பெயர், நிதியாண்டு, எந்தத் திட்ட நிதி என்பதை எழுதிவிட்டு, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்கள், பட்டியல் (பில்), செலவுச் சீட்டு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று வரிசை எண்ணிட்டுக் கேட்க வேண்டும். பணியின் பெயர் வேலை நடந்த இடத்துப் பலகையில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் மத்திய அரசின் இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரில் தேடிப் பாருங்கள். நிதிக்குழு மானியத்தில் நடந்த செலவுகள் அங்கே கிடைக்கும்.

இதில் உயிரான தாள் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். மதிப்பீட்டு நகலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். மதிப்பீடு, போடப்போவதைச் சொல்கிறது. எம்-புக், போட்டதாகப் பொறியாளர் அளந்து எழுதியதைச் சொல்கிறது. பணம் போவது அதை வைத்துத்தான். நீளம், அகலம், கனம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு தெருவுக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 45 கனமீட்டர் கான்கிரீட். தெருவோரத்தில் குழாய்க்காக வெட்டிய இடத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், போட்டது 30 கனமீட்டர். 15 கனமீட்டருக்கான காசு எங்கே போனது என்பதற்கு அதன்பிறகு யாரும் மேடையில் பேசித் தப்ப முடியாது. நீளத்தையும் அகலத்தையும் யாரும் பொய்யாக எழுத மாட்டார்கள், நாடா பிடித்தால் தெரிந்துவிடும். பொய் எப்போதும் கனத்தில்தான் ஒளிந்திருக்கும். ஓர் இடத்தில் மட்டும் அளக்காதீர்கள், ஓரத்தில் கனம் குறைவது இயல்பு என்பார்கள். நான்கைந்து இடத்தில் அளந்து தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் 2(ஒ) பிரிவில் உரிமை உண்டு. அதையும் மனுவிலேயே கேட்கலாம். பலர் கேட்பதில்லை.

மனுவை ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பதைவிட, வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புவது நல்லது. எம்-புக்கும் மதிப்பீடும் ஒன்றியப் பொறியாளர் பக்கம்தான் இருக்கும். தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் காட்டும் பட்டுவாடாத் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கணக்கு மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகிறது.

29-ஆம் நாள் ஒரு கடிதம் வரும்: பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 46 பக்கத்துக்கு 92 ரூபாய் கட்டவும் என்று. அது சட்டப்படி சரியே, பணம் கட்டும்வரை நாள் கணக்கு நிற்கும். கோபித்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகாமல் உடனே கட்டிவிடுங்கள். அதே கடிதம் 30 நாள் தாண்டி வந்தால் கட்ட வேண்டியதில்லை, 7(6) பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும். உறையின் மேலுள்ள தபால் முத்திரையைப் பாருங்கள். கடிதத்தின் தேதி 29-ஆம் நாளாகவும் தபாலில் போட்டது 36-ஆம் நாளாகவும் இருப்பது சாதாரணம். உறையைக் கிழித்து எறிந்துவிட்டால் சாட்சியும் போயிற்று.

மறுப்புகளில் அடிக்கடி வருவது, "முந்தைய தலைவர் காலத்துக் கோப்பு, கிடைக்கவில்லை." கோப்பு காணவில்லை என்பது, தகவலை மறுக்க இடம் தரும் 8-ஆம் பிரிவின் விலக்குகளில் ஒன்றே அல்ல. தேடிப் பார்த்து, தொலைந்ததற்குப் பொறுப்பு யார் என்று விசாரிக்கவும் ஆணையம் உத்தரவிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் தெளிவாகச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்த வழக்கின் பெயரை எழுதினாலே தொலைந்த கோப்பு சில நேரம் கிடைத்துவிடும். "ஒப்பந்ததாரர் ஆட்சேபிக்கிறார்" என்பது இன்னொன்று. 11-ஆம் பிரிவு அவர் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. முடிவெடுப்பவர் அலுவலர்தான். "தகவல் மிக அதிகம்" என்றால் 7(9) பிரிவு தரும் வடிவத்தை மாற்றத்தான் இடம் கொடுக்கிறது, மறுக்க அல்ல. நேரில் வந்து பார்க்கச் சொன்னால் போங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

இப்போது எல்லாரும் கையில் எடுப்பது 8(1)(ஒ) பிரிவில் உள்ள "தனிப்பட்ட தகவல்" என்ற விலக்கு. பொது நலன் இருந்தால் தரலாம், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரிகளை எடுத்துவிட்டது. வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியல் கேட்டால்கூட "தனிப்பட்டது" என்று எழுத இது வழி செய்கிறது. தலைவரின் மைத்துனர் பெயரில் வீடு ஒதுக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வேறு எந்தத் தாளைப் பார்ப்பது? எனக்கு இது தாங்க முடியாத வருத்தம். ராஜஸ்தானில் 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்த ஏழைத் தொழிலாளர்கள் கேட்டது டெல்லி ரகசியங்களை அல்ல, தங்கள் ஊர்ப் பணிகளின் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும்தான். அந்தப் பதிவேட்டில் இருந்தவையும் பெயர்கள்தானே. நல்லவேளையாக 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. விலக்கு இருந்தாலும், பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொது நலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைத் தாமாக வெளியிடும் கடமை 4(1)(ஆ)-வில் இருப்பதையும் சேர்த்து, இரண்டையும் மனுவிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கோபத்தில் நேராக 18-ஆம் பிரிவில் புகார் அனுப்பாதீர்கள். புகாரில் அபராதம் விதிக்கலாம், தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாள் வேண்டுமென்றால் மேல்முறையீட்டுக்கான 19-ஆம் பிரிவுதான். மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்று 19(5) சொல்வதையும் அதில் குறிப்பிடுங்கள்.

பயம் இருந்தால் அதை வீரம் பேசி மறைக்க வேண்டாம். நில மோசடிகளை இந்தச் சட்டத்தால் வெளியே கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி 2010-இல் புணே அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. ஒரே மனுவை வெவ்வேறு தெருக்களிலிருந்து நான்கைந்து பேர் போடுவதும் நல்ல காப்பு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராம சபையில் வருகைப் பதிவேட்டில் எல்லாரிடமும் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நீங்கள் எதிர்த்த தீர்மானத்துக்கு உங்கள் கையெழுத்தே ஆதரவாகிவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும்போது, தீர்மானப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே அந்தத் தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேட்டு அடுத்த மனுவை அனுப்புங்கள்.