கார்டு14 மாற்றம் இருந்தா பிள்ளைக்கும் வருமா?

"அப்பாவுக்குச் சொரியாசிஸ், எனக்கும் அதே. டெஸ்ட்ல கார்டு14 மரபணு மாற்றம்னு வந்திருக்கு. பிள்ளைக்கும் வருமா?"ன்னு செங்கோட்டையில இருந்து கேட்டிருக்கீங்க. நான் பக்கத்துப் புளியரைக்காரன்தான், எனக்கும் சொரியாசிஸ்ங்கிற இந்தத் தோல் செதில் நோயோட பல வருஷப் பழக்கம்.

கார்டு14 (CARD14) மரபணு அதே பேருள்ள ஒரு புரதத்தை உண்டாக்குது, அது தோலோட மேலடுக்குச் செல்கள்ல இருக்கும். சும்மா இருக்கும்போது தன்னைத்தானே அடக்கிக்கிட்டுக் கிடக்கும். ஆபத்துன்னா மட்டும் என்எஃப்-கப்பா-பிங்கிற அழற்சிப் பாதையைத் தட்டி எழுப்பும். சில மாற்றங்கள் அந்த அடக்கத்தைத் தளர்த்திடுது. திருடனே வராம நாய் விடிய விடியக் குரைக்கிற கதை! சத்தம் கேட்டு டி செல்கள்ங்கிற நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வந்து, அழற்சியைத் தூண்டுற இன்டர்லூக்கின்-17ங்கிற பொருளைச் சுரக்கும், அது தோல் செல்லை இன்னும் கிளப்பிவிடும். ஏறக்குறைய ஒரு மாசம் எடுத்து மேலே வரவேண்டிய செல் சில நாள்லயே வந்து செதிலாக் குவியுது.

பிள்ளைக்கு அந்த மாற்றம் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. போனாலும் எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. ரிப்போர்ட்ல "நோய் உண்டாக்கும்"னு இருக்கா, "பொருள் உறுதியில்லை"ன்னு இருக்கான்னு முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டும் வேற வேற. ரெண்டாவதுன்னா, அந்த மாற்றம் நோய்க்குக் காரணமான்னு இன்னும் தெரியலைன்னு அர்த்தம்.

ஆரியங்காவு தாண்டி கேரளாப் பக்கம் வைத்தியத்துக்குப் போறதா எழுதியிருக்கீங்க. தடவுற எண்ணெய் தோல் வறட்சிக்கு இதம்தான். பேர் தெரியாத மாத்திரை மட்டும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்து திடீர்னு நிறுத்தினா சீழ்க்கொப்புளமாக் கிளம்பலாம்.